அச்சாறு ருசிபார்க்க ஒரு நாக்கு

எங்கள் பக்கத்துக் கலியாண வீடுகளில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். சஹன் என்றால் ஒரு பெரிய தட்டு. நடுவில் புரியாணி, அதன்மேல் கோழி, ஓரத்தில் வெங்காயமும் ஈச்சம்பழமும் ஊறிய அச்சாறு. கோழிக்காலை விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மை எல்லோருக்கும் உண்டு. "நீங்க எடுங்க", "இல்ல, நீங்க எடுங்க" என்று அந்தக் கால் சஹனை ஒரு சுற்றுச் சுற்றி, யாருக்கும் வேண்டாத ஏழைப்பிள்ளை மாதிரி ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வரும். ஆனால் அச்சாறில் கிடக்கும் ஈச்சம்பழத்தை ஒருவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்ததை நான் இந்த வயது வரை கண்டதில்லை. வாய் மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், கண் எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கும், விரல் மட்டும் வெங்காயத்துக்கு அடியில் ஈச்சம்பழத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் அச்சாறை, ஊறுகாயை எல்லாம் யாராவது தொட்டுக்கொள்ளும் சாமான் என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. தொட்டுக்கொள்வது சோறு. என்னோடு படிப்பிக்கும் ஓர் ஆசிரியை பாணுக்குள் பட்டரையும் தேசிக்காய் ஊறுகாயையும் வைத்து இடைவேளைக்குச் சாப்பிடுவார். முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. என் கணவர் வெட்டிய சிவப்பு வத்தகப்பழத்தின் மேல் ஊறுகாய்ச் சாறு ஊற்றிச் சாப்பிடுவார். அதைப் பார்க்க விருப்பமில்லாமல் நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். காய்ச்சல் வந்தால் கஞ்சியும் ஊறுகாயும் என்பது ஊர் வழக்கம். அந்தக் கஞ்சிக்காகவே காய்ச்சலை இரண்டு நாள் கூட்டிச் சொல்லும் ஆட்கள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அச்சாறு சாப்பிடச் சிறந்த வழி, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நின்றபடி, போத்தலுக்குள் விரலை விட்டுச் சாப்பிடுவது. கழுவப் பீங்கானும் இல்லை, பதில் சொல்ல ஆளும் இல்லை.

இதெல்லாம் நோன்பில்லாத நாட்களின் கதை. நான் சொல்ல வந்தது ஒரு நோன்புப் பகலில் நடந்தது.

நாங்கள் மன்னாரிலிருந்து வந்து பாலாவிக்கும் கல்பிட்டிக்கும் இடையில் குடியேறியவர்கள். வரும்போது நான் சின்னப்பிள்ளை. தங்கச்சி இங்கேதான் பிறந்தாள். அவளுடைய புருஷன் இன்னொரு கலியாணம் முடித்துக்கொண்டு போனபிறகு, கைக்குழந்தையை என்னிடம் தந்துவிட்டு அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். வந்தாள், மறுபடியும் போனாள். அவளுடைய மகள் என்னைப் பெரியும்மா என்று கூப்பிட்டபடி என் மடியில்தான் வளர்ந்தாள். தாயின் முகத்தைக் கைபேசியில் பார்த்துப் பழகியதால், தாய் நேரில் வந்த முதல் வாரம், "உம்மா இவ்வளவு உயரமா?" என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டாள்.

இரண்டாம் முறை வந்தபோது தங்கச்சிக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை. ஆனால் இங்கே இருந்து என்ன செய்வது? அவளுக்குக் கைவந்தது மலே அச்சாறு. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட், பப்பாசிக்காய், ஈச்சம்பழம் எல்லாம் வினாகிரியில் போட்டு, கடுகு அரைத்துச் சேர்த்து அவள் செய்தால் கை நக்காதவர் இல்லை. புத்தளம் டவுனில் ஹாஜியார் வீட்டு மாமி ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு சாப்பாட்டை நல்லம் என்று சொன்னால் டவுனில் அதற்குமேல் பேச்சில்லை. அந்த நோன்பில், தன் குடும்பத்துக்கெல்லாம் வீட்டில் நோன்பு திறக்க ஏற்பாடு செய்தவர், சஹன்களுக்கு அச்சாறு செய்து தரும்படி தங்கச்சியிடம் கேட்டார். சரிவந்தால் பெருநாளைக்குப் பிறகு கலியாண வீடுகள் வரிசையாக வரும்.

மாமி வீட்டில் நோன்பு திறக்கும் அதே நாள் இரவுக்குள் பதில் சொல்லும்படி, குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டும் கேட்டிருந்தார். விசா வந்துவிட்டதாம். பெருநாள் முடிந்த கையோடு விமானம்.

"அச்சாறு சரிவந்தா நான் போகல்ல ராத்தா," என்று தங்கச்சி சொன்னாள். "வராட்டிப் போறன்." ஒரு மனுசியின் வாழ்க்கை இரண்டு பேசன் வெங்காயத்தில் தொங்கியது. சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல்நாள் பின்னேரம் முழுக்க வெங்காயம் உரித்து, நோன்பு திறந்தபிறகு கலந்து, ருசிபார்த்து, இரண்டு பேசன்களிலும் மூடி வைத்தோம். உப்பு, புளிப்பு, இனிப்பு எல்லாம் பிசகில்லாமல் இருந்தன. மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதுவரை ஊற வேண்டியதுதான் பாக்கி.

என் கணவர் உப்பளத்தில் வேலை செய்கிறார். தன் உப்பளத்து உப்பைத் தவிர மற்றதெல்லாம் உப்பே இல்லை என்பது அவருடைய கொள்கை. வீட்டில் பெக்கெட் உப்பு இருந்தால் அதைக் குடிகாரனின் போத்தலைப் பார்ப்பது போலப் பார்ப்பார். மறுநாள் நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தவர், தொப்பியைக் கழற்றிக்கொண்டே, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன் என்பது போலச் சொன்னார்:

"அச்சாறுக்கு உப்புப் போட்டன்."

"எப்ப?" என்றேன்.

"விடிய, சுபஹு தொழுததுக்குப் பிறகு. நீங்க ரெண்டு பேரும் படுத்திட்டீங்கதானே. பெக்கெட் உப்புப் போட்டா அச்சாறு நிக்காது. நம்மட உப்புல ஒரு கை போட்டு நல்லாக் கெளறி வெச்சன்."

"ருசி பாத்தீங்களா?"

"நோன்போட எப்படிப் பாக்கிற?" என்று நான்தான் மார்க்கம் தெரியாதவள் என்பது போலக் கேட்டார்.

அவருடைய ஒரு கை, மற்ற மனிதர்களுக்கு ஒரு கோப்பை. தங்கச்சி அப்படியே தேங்காய் துருவும் திருவலைப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். ஈச்சம்பழமும் சீனியும் கொஞ்சம் மிச்சம் இருந்தன. ஆனால் எவ்வளவு உப்புக் கூடியிருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு இனிப்பைப் போடுவது? ருசி பார்த்தால்தான் தெரியும். நோன்பு திறக்கும்போது வேன் டவுனில் இருக்கும்.

மௌலவிக்குப் போன் எடுத்தோம். தேவைக்கு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பலாம், விழுங்கக் கூடாது என்றார். தங்கச்சி ஒரு துண்டு வெங்காயத்தை நாக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பட்டதோ இல்லையோ, ஓடிப்போய்த் துப்பி, கிணற்றடியில் நின்று கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். "உப்புத் தெரியல்ல, பயம்தான் தெரியுது," என்றாள். அடுத்தது நான். சுவர்க்கத்தில் பரிமாறுவது அந்த அச்சாறாகத்தான் இருக்க வேண்டும்! அந்த நேரத்தில் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். என் கணவர் பார்த்துவிட்டு, துப்பி, யோசித்து, "இன்னும் ஒரு கை போடலாம்," என்றார். தங்கச்சி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், வீட்டுக்கு வந்த மனிதர் மறுபடியும் பள்ளிவாசலுக்கே போய்விட்டார்.

நோன்பாளியின் நாக்கு சாட்சிக்கு உதவாது என்று விளங்கிவிட்டது. நோன்பில்லாத ஒரு நாக்கு வேண்டும். எங்கள் ஊரில், நோன்புப் பகலில்!

வீட்டிலேயே ஒரு நாக்கு இருந்தது. தங்கச்சியின் மகளுக்கு இன்னும் நோன்பு கடமையாகும் வயது வரவில்லை. ஆனால் அந்த வருஷம் ஒன்றும் விடாமல் பிடிப்பேன் என்று பிடிவாதமாக நின்று, அன்று வரை ஒன்றையும் விடவில்லை. முன்னறையில் பாயில் சுருண்டு படுத்திருந்தாள். நான் அவள் பக்கம் பார்த்ததும் தங்கச்சிக்கு முகம் மாறியது.

"அவட நோன்ப நான் முறிக்க மாட்டன் ராத்தா. அந்தப் புள்ளைக்கு நான் வேற என்ன செஞ்சு குடுத்திரிக்கன்? இத மட்டும் என்னால பறிக்க ஏலா."

ஒரு சின்னப் போத்தலில் அச்சாறை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனோம்.

மாமா எங்கள் உம்மாவின் தம்பி. சீனி வருத்தம். தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். நோன்பு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவர் பிடிப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. கதவைத் தட்டினோம். உள்ளே ரேடியோவில் குர்ஆன் கிராஅத் திடீரென்று சத்தமானது. நல்ல நேரம் கழித்துக் கதவு திறந்தது. பொரித்த மீன் மணம் அவருக்கு முன்னால் வாசலுக்கு வந்தது. தாடியில் ஒரு சோற்றுப் பருக்கை.

"மாமா, ஒரு சின்ன உதவி. இந்த அச்சாற ஒருக்கா ருசி பாத்து..."

"நோன்பு நேரத்துல என்னட்ட வந்து கேக்கிற கதையா இது?" என்றார். அவர் பேசப் பேசப் பருக்கை ஆடியது. "காலையில இருந்து தொண்டை காஞ்சு போய் இரிக்கன்."

எழுபது வயது மனிதரிடம் தாடியைத் தட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியுமா? நாங்கள் நிலத்தைப் பார்த்தோம். அவர் போத்தலை மட்டும் வாங்கிக்கொண்டார். "வெச்சிட்டுப் போங்க, நோன்பு திறந்திட்டுப் பாக்கிறன்." கதவு சாத்தியதும் உள்ளே மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு மெல்லும் சத்தம். எங்களுக்கு வேண்டிய தீர்ப்பு அந்தக் கதவுக்குப் பின்னால் மென்றுகொண்டிருந்தது. தட்டிக் கேட்டால் அவருடைய மானம் போய்விடும். நாங்கள் இரண்டு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினோம்.

பெண்களுக்குத் தொழுகையும் நோன்பும் இல்லாத நாட்கள் இருக்கின்றனவே, எங்கள் ஒழுங்கையில் இத்தனை வீடுகளில் யாராவது ஒருத்தி இருக்கமாட்டாளா என்று நீங்கள் கேட்கலாம். கட்டாயம் இருந்திருப்பாள். குசினிக்குள் சுவரைப் பார்த்தபடி நின்று அவசரமாக இரண்டு வாய் சோற்றை விழுங்கிவிட்டு, வெளியே வந்து மற்றவர்களைவிடக் களைத்த முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். நானும் அப்படிச் செய்தவள்தான், என் கணவருக்கே தெரியாமல். இதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை, கேட்டாலும் சொல்வதில்லை. அச்சாறுக்காக அந்தச் சட்டத்தை மாற்ற எங்களால் முடியவில்லை.

கடைசியில் பக்கத்து வீட்டு மருமகள் ஞாபகம் வந்தாள். அவளுக்கு மாதம் நிறைந்த வயிறு. நோன்பில்லை என்று சொல்ல வெட்கமும் இல்லை. ஒரு கோப்பையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். முதல் துண்டைக் கடித்ததும் கண்ணை மூடினாள். அடுத்த துண்டு, அடுத்த துண்டு என்று சாப்பிட்டுக் கோப்பையையும் வழித்து நக்கினாள்.

"உப்பு எப்படி புள்ள?"

"உப்பா? இன்னும் கொஞ்சம் போட்டிரிந்தா நல்லம்," என்றாள். பிறகு, மாங்காயை உப்புத்தூளில் புரட்டித் தின்னாமல் தனக்கு நித்திரை வருவதில்லை என்றும், அதற்கு மாமியார் திட்டுவதாகவும் சொன்னாள். என் கணவரும் இவளும் ஒரே கட்சி என்று தெரிந்ததும் எழுந்து வந்துவிட்டோம்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு போத்தலோடு பஸ் ஏறிப் பாலாவிச் சந்தியில் இறங்கினோம். சந்தியில் திரை போட்ட தேத்தண்ணிக் கடைகள் இருந்தன. ஆனால் அபாயா போட்ட இரண்டு பெண்கள் நோன்பு நேரத்தில் அந்தத் திரைக்குள் நுழைந்தால், சூரியன் மறையும் முன் அந்தக் கதை கல்பிட்டி வரை போய்விடும். கண்ணில் பட்டது எங்களுக்குத் தெரிந்த ஓட்டோக்காரத் தம்பி. சிலாபம் பக்கத்துச் சிங்களவர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர். என் கணவரின் பழைய சைக்கிளை ஓட்டோவுக்கு மேல் கட்டி ஏற்றிக்கொண்டுவந்து தந்தவர். நல்ல மனிதர், நோன்பில்லாத மனிதர். அல்லாஹ் கண் திறந்தான் என்று நினைத்தேன்.

தங்கச்சி போத்தலையும் கரண்டியையும் நீட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அனே அக்கா, எனக்கும் நோன்புதானே!"

"உங்களுக்கு எப்படித் தம்பி நோன்பு?"

"ஸ்டாண்டுல எல்லாரும் பிடிக்கிறாங்க. நான் மட்டும் எப்படி அவங்களுக்கு முன்னால சாப்பிடுற? முதல் நாள்ல இருந்து நானும் பிடிக்கிறன். பின்னேரத்துல பள்ளிக்குப் போய்க் கஞ்சி குடிக்கிறன். இன்னும் கொஞ்ச நாள்தானே, இப்ப விட்டா வெட்கம்."

உதடு வெடித்திருந்தது அந்த மனிதருக்கு. ஒரு கிறிஸ்தவரின் நோன்பை முறிக்கச் சொல்லிச் சந்தியில் நின்று கெஞ்சும் நிலைக்கு நாங்கள் இறங்கவில்லை என்று சொல்ல ஆசைதான். தங்கச்சி கெஞ்சினாள். அவர் அசையவில்லை. ஆனால் எங்களை ஏற்றிக்கொண்டு வீட்டு வாசல் வரை ஓட்டி வந்தார். வாசலில் இறங்கும்போது, "என்ட ஏஜென்ட்ட நம்பர் உங்கட போன்லயும் இரிக்கா ராத்தா?" என்று கேட்டாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

குசினிக்குள் போனோம். மகள் பேசன்களுக்கு நடுவில் குந்தியிருந்தாள். உதடெல்லாம் மிளகாய்ச் சிவப்பு. கடுகு ஏறி மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டிருந்தன. கையில் கரண்டி.

"உம்மா, இந்தப் பேசன்ல உப்புச் சரியான கூட. வாயில வைக்க ஏலா. மத்ததுல பெரியப்பா போடவே இல்ல. அது சரியா இரிக்கி," என்றாள் ஒரே மூச்சில். "ரெண்டையும் ஒண்டாக் கலந்து, ஈச்சம்பழத்தையும் போட்டாச் சரிவரும்."

எந்தப் பேசனில் போட்டார் என்று அவரிடம் கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. தங்கச்சிக்கோ அச்சாறு காதில் விழவில்லை. "நோன்ப ஏன் மகள் முறிச்ச? இவ்வளவு நாளும் பிடிச்சிட்டு?"

"நீங்க போகாம இரிக்கத்தான்," என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை ஓவென்று அழத் தொடங்கியது. கடுகுக்கு அழுத கண்ணீர் எது, தாய்க்கு அழுதது எது என்று பிரிக்க முடியவில்லை. தங்கச்சி அவளை அச்சாறுக் கையோடேயே அணைத்துக்கொண்டாள். ஆனால் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாயிற்று, வேன் வரப்போகிறது. வீட்டில் ஒருத்தியாவது அழாமல் இருக்க வேண்டும் என்று ஈச்சம்பழத்தின் கொட்டையை எடுக்க உட்கார்ந்தேன்.

பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். நோன்பு போனது போனதுதான் என்று மகள் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் கலந்து கலந்து ஒவ்வொரு கரண்டியாக நீட்டினோம். அவள் மென்று, யோசித்து, "இன்னும் ரெண்டு ஈச்சம்பழம்" என்றாள். "சீனி வேணாம், சீனி வேணாம்!" என்று கத்தினாள். கடைசியில் ஒரு துண்டை நீண்ட நேரம் மென்றுவிட்டு, "காணும், இப்பச் சரி," என்றாள். வேன்காரர் ஹோர்ன் அடித்தார்.

அன்று நோன்பு திறக்கும்போது தங்கச்சி தண்ணீர் மட்டும்தான் குடித்தாள். கஞ்சி ஆறிப்போனது. இரவு இஷா தொழுகை நெருங்கும் நேரத்தில் மாமியின் போன் வந்தது. "அச்சாறு ஒரு துண்டும் மிச்சம் இல்ல புள்ள. எங்கட மருமகன்மார் ரெண்டு பேரும் ஈச்சம்பழத்துக்குச் சண்டை பிடிச்சு முகத்தத் திருப்பிக்கொண்டு இரிக்காங்க. பெருநாளைக்குப் பிறகு மகன்ட கலியாணம். அச்சாறு நீதான், வேற ஆளுக்குச் சொல்லிராத." தங்கச்சி ஓம் மாமி, ஓம் மாமி என்றாள். போனை வைத்த கையோடு ஏஜென்டுக்கு எடுத்து, "நான் வரல்ல," என்றாள். அந்தப் பக்கத்தில் அவர் நிறையச் சொன்னார். "இல்ல, எனக்கு இஞ்ச வேல இரிக்கி," என்று வைத்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமி வீட்டுச் சஹனைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவர்கள். சுவர்ச் சுண்ணாம்பையும் நல்லம் என்று சொல்லும் நாக்குகள். அந்த உப்புப் பேசனை அப்படியே அனுப்பியிருந்தாலும் புகழ்ந்திருப்பார்களோ என்னவோ! இதைச் சொன்னதும் தங்கச்சி சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. "நம்மட உப்புப் போட்டதாலதான் எடுபட்டது," என்றார். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்.

பெருநாள் முடிந்து மற்ற வாரம், அந்த விமானம் போன நாளன்று, மகள் விட்ட நோன்பைத் திரும்பப் பிடித்துக் களாச் செய்யப்போகிறேன் என்றாள். சின்னப்பிள்ளைக்குக் களா இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. தங்கச்சியும் அவளோடு விடியுமுன் எழும்பிச் சாப்பிட்டு நோன்பு பிடித்தாள். பின்னேரம் இரண்டு பேரும் ஒரு பீங்கான் ஈச்சம்பழத்தையும் தண்ணீரையும் முன்னால் வைத்துக்கொண்டு பாங்குக்காகக் காத்திருந்தார்கள்.

"எனக்குத்தானே களா," என்றாள் மகள். "நீங்க ஏன் உம்மா பிடிச்சீங்க?"

"எனக்கும் இரிக்கி. நீ நோன்பு பிடிக்கப் பழகின நேரம், நான் உனக்குப் பக்கத்துல இல்லாத நாளெல்லாம்."

மகள் அதை விரல்விட்டு எண்ணப் பார்த்தாள். விரல் போதவில்லை.

"அவ்வளவையும் எப்ப உம்மா பிடிச்சு முடிக்கிற?"

"மெதுவாப் பிடிப்பம் மகள். நான் இஞ்சதானே இரிக்கிறன்."